ரோமானியர் தோண்டிய தங்கச் சுரங்கத்துக்குள் அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்துடன் ருமேனியா செல்கிறோம். ரோஷியா மொந்தானாவில் உள்ள ரோமானியர் காலத் தங்கச் சுரங்கத்தை வழிகாட்டியுடன் பார்க்க ஆசை. அம்மாவுக்கு 67 வயது, மூட்டுவலி உண்டு. மகனுக்கு 9 வயது. புதுக்கோட்டையில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகள் இந்தச் சுரங்கத்துத் தங்கமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எல்லோரும் உள்ளே போகலாமா? என்ன ஆயத்தம் வேண்டும்?

பதில்: மகனைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அம்மாவை இந்தச் சுரங்கத்துக்குள் இறக்க வேண்டாம். இருட்டும் குளிரும் தாங்கக்கூடியவைதான். சிக்கல் படிகளில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட செங்குத்தான படிகளில் இறங்கித்தான் ரோமானியர் குடைந்த பகுதிக்குப் போக முடியும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே அதிக வேதனை தரும். ஈரமான படியில், குனிந்த நிலையில், முன்னும் பின்னும் ஆட்கள் இருக்கும்போது நடுவழியில் நின்று இளைப்பாறுவதும் எளிதல்ல.

அம்மா ஏமாற்றமடையத் தேவையில்லை. க்ளூஜ் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள துர்தாவில், ஐந்தாம் மாசிடோனிகா என்ற ரோமானியப் படைப்பிரிவு தங்கியிருந்த பொத்தாய்ஸா கோட்டையின் இடிபாடுகளும், 1932 வரை உப்பு வெட்டிய பெரிய சுரங்கமும் ஒரே ஊரில் இருக்கின்றன. உப்புச் சுரங்கத்தின் ருடால்ஃப் அறை 42 மீட்டர் ஆழமுள்ளது. அதன் தரைக்குச் செல்ல லிஃப்ட் உண்டு. ஆனாலும் ஒரு படிகூட ஏறாமல் போய்வரலாம் என்று எண்ணிவிடாமல், லிஃப்ட் வரை எத்தனை படிகள், அன்று லிஃப்ட் இயங்குகிறதா என்ற இரண்டையும் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். துர்தாவுக்கு ஒரு நாள், ரோஷியா மொந்தானாவுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால், இரண்டாம் நாளில் அம்மா கிராமத்து வீதியிலும் தேவாலயங்களின் அருகிலும் நிதானமாக நேரம் கழிக்கலாம்.

இனி நீங்களும் மகனும் இறங்கும் சுரங்கத்துக்கு வருகிறேன். பேரரசர் டிராஜன் கி.பி. 106இல் டேசியாவை, அதாவது இன்றைய ருமேனியாப் பகுதியை, வென்றபின் ரோமானியர் இங்கே அல்பர்னஸ் மயோர் என்ற சுரங்க ஊரை நடத்தினார்கள். இன்று அறியப்பட்டுள்ள ரோமானியச் சுரங்கப் பாதைகளின் நீளம் ஏறத்தாழ 7 கி.மீ.; அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். யுனெஸ்கோ 2021இல் இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதே, ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது.

உள்ளே போனதும் கூரையைப் பார்க்காமல் பக்கச் சுவரைப் பாருங்கள். பாதையின் குறுக்குவெட்டு சரிவக வடிவில் இருக்கும். விளக்கொளியைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், இணை இணையாக ஓடும் உளித் தடங்கள் எழும்பித் தெரியும். உளித் தடமின்றி வளைந்து வழவழப்பாக இருக்கும் இடங்களில், பாறையை நெருப்பிட்டுச் சூடேற்றி வெடிக்கச் செய்திருப்பார்கள். சுவரில் ஆங்காங்கே உள்ள சிறு மாடக்குழிகள் எண்ணெய் விளக்கு வைப்பதற்காகக் குடையப்பட்டவை. நம் வீட்டு விளக்கு மாடத்தைப் பார்த்த பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

புறப்படும் முன் மகனுக்கு மெம்மியஸின் கதையைச் சொல்லுங்கள். இவ்வூர்ச் சுரங்கங்களில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மெழுகு பூசிய மரப்பலகை ஆவணங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, 164ஆம் ஆண்டு மே 20 முதல் நவம்பர் 13 வரை 70 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) கூலிக்குத் தங்கச் சுரங்கத்தில் உழைக்க ஒப்புக்கொண்ட மெம்மியஸ் என்பவரின் ஒப்பந்தம். அவருக்கு எழுதத் தெரியாததால் வேறொருவர் எழுதியிருக்கிறார். சுரங்கத்தில் நீர் புகுந்து வேலை தடைப்பட்டால் அதற்கேற்பக் கூலி குறையும் என்பதும் அதில் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவருக்குச் சுவரில் கசியும் ஒவ்வொரு துளியும் வேறு பொருள் தரும். ரோமின் பெருமையைத் தூண்களிலும் வளைவுகளிலும் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் இந்த மனிதரைச் சந்திப்பதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அந்தக் கசிவு நீரே உங்கள் உடையையும் தீர்மானிக்கிறது. தாதுப் பாறை வழியே வரும் நீரில் இரும்பு கலந்திருப்பதால் துணியில் பட்டால் துருக்கறை போகாது; ஊரின் பெயரும் சிவந்த ஓடையிலிருந்து வந்ததே. பழைய முழுக்கால் சட்டையும், பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட மூடிய காலணியும் அணியுங்கள். வெளியே கோடையாக இருந்தாலும் உள்ளே குளிர் குறையாது என்பதால் ஸ்வெட்டர் அவசியம். தலைக்கவசத்தின் வாரை மகனின் தாடையோடு பொருத்திக் கட்டுங்கள். பெரியவர்களுக்கான அளவே கிடைத்தால் உள்ளே ஒரு குல்லாய் போட்டால் நழுவாது. ஆஸ்துமாவோ இதய நோயோ அடைபட்ட இடத்தில் பதற்றமோ உங்களுக்கு இருந்தால், இறங்கும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மலைச்சரிவில் திறந்து கிடக்கும் வேறு எந்தக் குகைவாயிலுக்குள்ளும், இரண்டடி உள்ளே நின்று படம் எடுப்பதற்காகக்கூட, மகனை விடாதீர்கள். ரோமானியருக்குப் பின் பல நூற்றாண்டுகள் தோண்டப்பட்டு, 2006இல்தான் வேலை நின்ற மலை அது. கண்ணுக்குத் தெரியாத செங்குத்துக் குழிகளும், பிடிமானம் இழந்த பாறைகளும், உயிர்வளி குறைந்த மூலைகளும் அங்கே இருக்கக்கூடும். உதவிக்கு அழைக்க உள்ளே கைபேசியும் பயன்படாது.

மகனின் கேள்விக்கு விடை: இல்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலின் காசுகள் அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையான பேரரசர்களுடையவை. வெஸ்பேசியன் இறந்தது 79இல். டேசியாவின் தங்கம் ரோமின் கைக்கு வந்ததோ அதற்கு 27 ஆண்டுகள் கழித்து. அந்தக் காசுகளின் காலத்தில் ரோமுக்குப் பெருமளவு தங்கம் தந்தது ஸ்பெயின். ஆகவே அங்கே ரோமானியர் தங்கம் தோண்டிய லாஸ் மெதுலாஸ் என்னும் சிவந்த மலையையும் அவனுக்கு ஒருநாள் காட்ட வேண்டியிருக்கும்.