அந்தப் படத்தின் கீழ் ‘அன்று’ என்று எழுதியது ஏன்?

கேள்வி: சென்ற இதழில், 1936 ஜூலை 19-இல் பார்சிலோனா தெருவில் எடுக்கப்பட்ட புகைப்படத்தை வெளியிட்டு, அதன் கீழே ‘அன்று குடியரசின் பக்கம் நின்ற காவலர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். ‘அன்று’ என்ற சொல் உறுத்துகிறது. தாக்குதல் காவல்படை என்பது ஸ்பானியக் குடியரசே பெற்று வளர்த்த மக்கள் காவல்படை. போர் முடியும்வரை அது முழுமையாகக் குடியரசின் பக்கமே நின்றது. 1937 மே மாதத்தில் அதன்மீது துப்பாக்கி தூக்கியவர்கள்தாம் துரோகிகள். உயிரைக் கொடுத்த ஒரு படையை ஒற்றைச் சொல்லால் சிறுமைப்படுத்தலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்தச் சொல் கைதவறி விழுந்ததன்று; யோசித்துப் போட்டது. செத்துக் கிடக்கும் குதிரைகளை அரணாக வைத்துக்கொண்டு, துப்பாக்கியை நீட்டி நிற்கும் அந்த நீலச் சீருடைக்காரர்களை அகுஸ்தி சென்தெல்யஸ் படமெடுத்த நாளில், ராணுவத் தளபதிகள் குடியரசைக் கவிழ்க்கக் கிளப்பிய கலகத்திலிருந்து அவர்கள் உண்மையாகவே ஒரு நகரத்தைக் காப்பாற்றினார்கள். அந்தக் கலகம்தான் உள்நாட்டுப் போராக வளர்ந்தது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளைக் கொண்டு அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளையும் பிந்தைய மூன்று ஆண்டுகளையும் மூடி மறைக்க முடியாது. உங்கள் கடிதம் அதைத்தான் செய்கிறது.

முதலில் ‘மக்கள் காவல்படை’ என்பதைப் பார்ப்போம். 1931 ஏப்ரல் 14-இல் மன்னராட்சி விழுந்து குடியரசு அமைந்தபோது, ஒழுங்கைக் காக்க அதன் கையில் முதன்மையாக இருந்தது 1844-இல் தோன்றிய குவார்டியா சிவில் என்ற காவல்படை. கிராமப்புறத்தில் நிலவுடைமையாளரின் அச்சத்தைப் போக்கவும் கூலிகளுக்கு அச்சத்தை ஊட்டவும் பழகிய படை அது. அதன் கையிலிருந்த மௌசர் துப்பாக்கி போரில் எதிரியைக் கொல்வதற்கானது. நகரத் தெருவில் கூட்டத்தைக் கலைக்க அதை எடுத்தால் பிணம் விழாமல் இருக்காது. குடியரசு பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள், மே மாதத்தில், மாட்ரிடில் கன்னிமடங்கள் எரிந்தன. உள்துறை அமைச்சர் மிகெல் மௌரா குவார்டியா சிவிலை வெளியே இறக்க வேண்டும் என்றார். சக அமைச்சர்கள் மக்கள்மீது சுடச்சொல்லும் முதல் குடியரசு அமைச்சரவை தாங்களாக இருக்கக் கூடாது என்று தயங்கினார்கள். கடைசியில் ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தயக்கத்திலிருந்துதான் தாக்குதல் காவல்படை என்ற புதிய படை பிறந்தது. நகரங்களுக்கு மட்டுமானது, துப்பாக்கிக்குப் பதில் ரப்பர் தடி, பக்கம் திறந்த லாரிகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து சில நிமிடங்களில் கலவர இடத்துக்குப் போய்க் குதித்து இறங்கும் வேகம், உடற்கட்டு பார்த்துத் தேர்ந்தெடுத்த இளைஞர்கள் என்று அதை அமைத்தார்கள். 1932 ஜனவரியில் அதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது. நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டியெழுப்பும் பொறுப்பு யாரிடம் போனது? பாதுகாப்புத் துறைத் தலைவர் ஆங்ஹெல் கலார்சா தேர்ந்தெடுத்தவர், மொராக்கோவின் காலனியப் போரில் வளர்ந்த ராணுவ அதிகாரி அகுஸ்தின் முன்யோஸ் கிராந்தெஸ். ஆயுதத்தை மாற்றினார்கள், அதிகாரியை ராணுவத்திலிருந்தே கொண்டுவந்தார்கள். மேலிருந்து வரும் கட்டளையை எந்த வரம்புக்கு அப்பால் மறுக்கலாம், மறுக்க வேண்டும் என்று காவலருக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

அதன் விலையை அண்டலூசியாவில் காதிஸ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்று கொடுத்தது. 1933 ஜனவரியில், அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகள் நாடெங்கும் எழுச்சிக்கு அறைகூவல் விடுத்தார்கள். மற்ற இடங்களில் அது அடங்கிப்போன செய்தி வந்து சேராத காசாஸ் வியேஹாஸ் கிராமத்தில், பசியில் கிடந்த கூலிக்காரர்கள் 11-ஆம் தேதி தங்கள் ஊரில் புதிய சமுதாயம் பிறந்துவிட்டதாக அறிவித்து, குவார்டியா சிவில் நிலையத்தைச் சூழ்ந்தார்கள். அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு காவலர்கள் உயிருக்கு ஆபத்தான காயம் அடைந்தார்கள். ஊரை அடக்க வந்த படைகளில் நகரத்துக்கென்று உருவாக்கப்பட்ட தாக்குதல் காவல்படையும் இருந்தது. அதன் கையில் இப்போது ரப்பர் தடி இல்லை, துப்பாக்கி இருந்தது. ‘செய்ஸ்தேதோஸ்’ என்று ஊரார் அழைத்த முதிய கரிமூட்டத் தொழிலாளியின் குடிசைக்குள் சிலர் ஒளிந்துகொண்டு சரணடைய மறுத்தார்கள். இரவில் கேப்டன் மனுவேல் ரோகாஸ் தன் ஆட்களோடு வந்து சேர்ந்ததும் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் தப்பினார்கள்; மற்றவர்கள் உள்ளே எரிந்தோ வெளியே ஓடிவரும்போது சுடப்பட்டோ இறந்தார்கள். அதோடு முடிந்திருந்தால்கூட, மோதல் என்று யாராவது வாதிடலாம். விடிந்த பிறகு ரோகாஸ் வீடு வீடாகத் தேடி ஒரு டஜன் ஆண்களைப் பிடித்துவரச் சொல்லி, புகைந்துகொண்டிருந்த அந்தக் குடிசையின் அருகிலேயே நிறுத்திச் சுட்டுக் கொல்லவைத்தார். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட கிராமத்தார் மாண்டார்கள். சுட்டவர்கள் பழைய மன்னராட்சியின் காவலர்கள் அல்லர். நீங்கள் ‘குடியரசே பெற்று வளர்த்தது’ என்கிறீர்களே, அந்தப் பிள்ளைகள்தாம்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. குடியரசை நேசிப்பவர்கள் காசாஸ் வியேஹாஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அன்றைய பிரதமர் அசான்யாவின் அரசு முதலில் நடந்ததை மறுத்தது, பிறகு நாடாளுமன்ற விசாரணையில் உண்மை ஒவ்வொன்றாக வெளியே வந்தது, பாதுகாப்புத் துறைத் தலைவர் அர்தூரோ மெனெந்தெஸ் பதவி இழந்தார், அவ்வாண்டு செப்டம்பரில் அரசும் வீழ்ந்தது. நீதிமன்றம் ரோகாஸுக்கு 21 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் 1936-இல் அவர் வெளியே இருந்தார். போர் மூண்டபோது எந்தப் பக்கம் போனார் தெரியுமா? கிரனாடாவில் கலகக்காரர்களின் பக்கம்.

இரண்டாவதாக, ‘முழுமையாகக் குடியரசின் பக்கமே நின்றது’ என்கிறீர்கள். அப்படி நிற்கவில்லை. 1936 ஜூலையில் படையில் ஏறத்தாழ 17,000 பேர் இருந்தார்கள். பெரும்பகுதியினர் குடியரசுக்கு விசுவாசமாக இருந்தது உண்மை; குவார்டியா சிவிலோடு ஒப்பிட்டால் அந்த விசுவாசம் மிகப் பெரிது. ஆனால் வயாதோலித் நகரில், மாட்ரிடுக்குப் புறப்படச் சொன்ன ஆணையை மறுத்து முதலில் கலகக் கொடி தூக்கியவர்களே தாக்குதல் காவலர்கள்தாம். சரகோசாவில், தொழிற்சங்கங்கள் அவ்வளவு வலுவாக இருந்தும், காவலர்கள் ராணுவத்தோடு சேர்ந்துகொண்டதால் நகரம் ஒரே நாளில் கைவிட்டுப் போயிற்று. செவில்லில் கதை வேறு. அங்கே தாக்குதல் காவலர்கள் நகர மையத்தில் கலகத் தளபதி கெய்ப்போ தே யானோவின் பீரங்கிகளுக்கு எதிராகப் போராடினார்கள். குவார்டியா சிவில் கலகக்காரர்களோடு சேர்ந்ததும் தனித்து விடப்பட்டுச் சரணடைந்தார்கள். அவர்களின் தளபதி லொரெய்ரோ சில நாட்களிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பார்சிலோனாவிலோ, கட்டளை பிசகவில்லை. கட்டலோனிய அரசின் பொது ஒழுங்கு ஆணையர் ஃபெதெரிக்கோ எஸ்கோஃபெத் கலகத்தை முன்கூட்டியே எதிர்பார்த்து, முகாம்களிலிருந்து படைகள் வந்து சேரும் சந்திப்புகளில் ஆட்களை நிறுத்தியிருந்தார், தெருக்களில் அனார்க்கிஸ்டுத் தொழிற்சங்கமான சி.என்.டி.யின் தொழிலாளர்கள் பக்கத்தில் நின்று சண்டையிட்டார்கள். பிற்பகலில் குவார்டியா சிவிலும் அரசின் பக்கம் இறங்கியதும், அங்கே கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் கொதேத் பிடிபட்டார். ஒரே சீருடை, ஒரே பயிற்சி, ஒரே சம்பளம், அதே ஜூலை. ஊருக்கு ஊர் மாறியது எது? மேலே யார் உறுதியாக நின்றார், தெருவில் யார் கூட நின்றார், பக்கத்துப் படை எப்பக்கம் சாய்ந்தது என்பதுதான். எங்கள் படத்திலிருப்பவர்கள் பார்சிலோனாவில் இருந்தார்கள். அவர்களே சரகோசாவில் பணியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?

கலகத்துக்கு முந்தைய இரவுகளையும் உங்கள் கடிதம் தாண்டிச் செல்கிறது. ஜூலை 12 இரவு மாட்ரிடில் தாக்குதல் காவல்படை லெப்டினன்ட் ஹோசே தெல் காஸ்தீயோ தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மணி நேரத்தில், பொந்தெகோஸ் முகாமிலிருந்து 17-ஆம் எண் லாரி புறப்பட்டது. அதில் காவலர்களோடு குவார்டியா சிவில் கேப்டன் கொந்தெஸும் சோஷலிஸ்ட் ஒருவரும் இருந்தார்கள். மன்னராட்சிக் கட்சித் தலைவர் கால்வோ சோத்தேலோவை வீட்டிலிருந்து அழைத்துப்போய், லாரியிலேயே பின்னந்தலையில் சுட்டு, உடலைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவந்தார்கள். கலகச் சதி பல மாதங்களாகவே நடந்துகொண்டிருந்தது. இந்தக் கொலை அதைத் தோற்றுவிக்கவில்லை. ஆனால் தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது சாக்காயிற்று. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரை அரசின் லாரியில், அரசின் சீருடை அணிந்தவர்கள் கூட்டிச் சென்று கொல்வதை எந்தத் துயரமும் நியாயப்படுத்தாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மனவருத்தம் தந்த இடம் 1937 மே. ‘துரோகிகள்’ என்ற சொல்லை எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! மே 3-ஆம் தேதி பிற்பகல், காவல் ஆணையர் ரொட்ரீகெஸ் சாலாஸ் மூன்று லாரி நிறையத் தாக்குதல் காவலர்களோடு கட்டலோனியா சதுக்கத்துத் தொலைபேசி நிலையத்துக்குள் நுழைந்தார். ஜூலை வெற்றிக்குப் பிறகு அதைத் தொழிற்சங்கக் குழு நடத்திவந்தது. மேல்மாடியிலிருந்தவர்கள் சுட்டார்கள், சில மணி நேரத்தில் நகரமெங்கும் தடையரண்கள் எழுந்தன. பத்து மாதங்களுக்கு முன் ஒரே மூலையில் தோளோடு தோள் நின்றவர்கள் இப்போது எதிரெதிர் அரண்களில் இருந்தார்கள். குடியரசு அரசு அப்போது இயங்கிய வலென்சியாவிலிருந்து ஏறத்தாழ 5,000 தாக்குதல் காவலர்கள் நல்ல ஆயுதங்களோடு வந்து இறங்கியதும்தான் சண்டை ஓய்ந்தது. இறந்தோர் 200-இலிருந்து 500 வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. தொலைபேசி நிலையம் அரசின் கையில் இருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. போர்க்காலத்தில் குடியரசுத் தலைவரின் உரையாடலையே ஒட்டுக்கேட்கவும் இடைமறிக்கவும் ஒரு தொழிற்சங்கத்தை விடமுடியாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அதைப் பேசித் தீர்ப்பதற்குப் பதில் லாரிகளை அனுப்பியவர்கள்தாம் அந்த வாரத்தின் முதல் பொறுப்பாளிகள். தடையரண்களின் பின்னால் இருந்தவர்களில் பலர், ஜூலை 19-இல் போதிய ஆயுதம்கூட இல்லாமல் அந்தக் காவலர்களின் பக்கத்தில் நின்றவர்கள். அவர்களைத் துரோகிகள் என்றால், நீங்கள் போற்றும் அந்தப் புகைப்படத்தின் பாதியையே கிழித்துவிடுகிறீர்கள்.

உயிர்த்தியாகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அது முழு உண்மை. பயிற்சி பெற்ற ஆட்கள் வேறு எவரும் இல்லாத முதல் வாரங்களில், மாட்ரிடுக்கு வடக்கே உள்ள குவாதர்ராமா மலைக் கணவாய்களுக்கு லாரி லாரியாக அனுப்பப்பட்டவர்கள் தாக்குதல் காவலர்கள். தெருக் கலவரத்துக்கென்று பயிற்சி பெற்றவர்கள் மலைச்சரிவில் பீரங்கிக்கு முன் நின்றார்கள், பலர் திரும்பவில்லை. காலி இடங்களைக் கட்சிகளின் பரிந்துரையோடு வந்த புதியவர்கள் நிரப்பினார்கள். 1936 டிசம்பரில் எல்லாப் படைகளையும் ஒரே பாதுகாப்புப் படையாக இணைக்க ஆணை வந்தது. அதில் கையெழுத்திட்ட அமைச்சரும் அதே கலார்சாதான். அந்த மலைகளில் இறந்தவர்களை எங்கள் இதழ் ஒருபோதும் சிறுமைப்படுத்தாது. செவில் நகரச் சதுக்கத்தில் சரணடைந்து சுடப்பட்டவர்களையும் அப்படியே. காசாஸ் வியேஹாஸில் நிறுத்திச் சுடப்பட்டவர்களையும் அப்படியே.

1939-இல் கலகக்காரர்களின் தலைவர் பிராங்கோ வென்றபின் அந்தப் படையின் பெயரும் நீலச் சீருடையும் போயின. 1941 மார்ச்சில் அதன் இடத்தில் சாம்பல் நிறச் சீருடையோடு ஆயுதக் காவல்படை அமைந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் அடுத்த முப்பது ஆண்டுகளும் அவர்களை ‘சாம்பல்காரர்கள்’ என்றே அழைத்தார்கள். குடியரசுக்காகத் தாக்குதல் காவல்படையைக் கட்டிக்கொடுத்த முன்யோஸ் கிராந்தெஸ் 1937-இலேயே பிராங்கோவின் பக்கம் போய்விட்டார். 1941-இல் ஹிட்லருக்காக ரஷ்யாவில் போரிடச் சென்ற நீலப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்; 1962-இல் சர்வாதிகார அரசின் துணைத் தலைவரானார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஒரு நாளின் படத்துக்கு வேறு எந்தச் சொல்லைப் போடுவது? ‘அன்று’ அங்கேயே இருக்கும்.
— ஆசிரியர்