துணிக்கு ஓர் அரண்மனையா?

கேள்வி: இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள 'பீஸ் ஹால்' என்னும் பழைய துணிச் சந்தை, ரோமானிய அரண்மனையைப் போலத் தூண் வரிசைகளோடு நிற்பதைப் படத்தில் பார்த்தேன். ஒரு வாரச் சந்தைக்கு எதற்கு இத்தனை படாடோபம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: படாடோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தத் தூண்களுக்குப் பின்னால் இருப்பது கணக்குப் பார்க்கும் வியாபாரிகளின் மூளைதான். 'சட்டை பீஸ்' என்கிறோமே, அதே சொல்தான் 'பீஸ் ஹால்' என்ற பெயரில் உள்ள 'பீஸ்' என்பதும். அங்கே அது கைத்தறியிலிருந்து இறங்கிய, ஏறத்தாழ 30 கஜம் நீளமுள்ள முழுக் கம்பளித் துணியைக் குறித்தது. சுற்றுப்புற மலைச்சரிவுகளில் சிறிது நிலத்தையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே நெய்தவர்களின் சரக்கு ஓரிடத்தில் விலைபோக வேண்டும் என்பதற்காக, உற்பத்தியாளர்களே அறைக்கு இவ்வளவு என்று பணம் போட்டு எழுப்பிய இக்கட்டடம் 1779 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது.

முற்றம் வைத்த வீட்டை மிகப் பெரிதாக்கி மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்புறமும் தாழ்வாரம் ஓட, அதை ஒட்டி வரிசையாக 315 சிற்றறைகள். ஒவ்வொன்றுக்கும் முற்றத்தைப் பார்த்தபடி ஒரு கதவும் ஒரு சன்னலும் உண்டு. தரை சரிவாக இருப்பதால் மேற்கே இரண்டு அடுக்குகளாக இருக்கும் கட்டடம் கிழக்கே மூன்று அடுக்குகளாகிறது. அங்கே கீழே வளைவுகளும், நடுவில் கனத்த சதுரத் தூண்களும், மேலே மெலிந்த உருளைத் தூண்களுமாகப் பாரம் படிப்படியாகக் குறைந்து செல்வதைக் காணலாம். சரிவை மறைக்காமல் அதையே அழகாக்கிக்கொண்ட இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெளிப்புறத்திலோ ஏறக்குறைய வெறும் மணற்கல் சுவர்தான். உள்ளே அடுக்கியிருப்பது விலையுயர்ந்த துணி அல்லவா!

இத்தனையும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை நடந்த இரண்டு மணி நேர வியாபாரத்துக்காக. மணி அடித்த பிறகே பேரம் தொடங்கும், மறுபடி அடித்தால் முடிந்துவிடும். அதற்குள் வாங்குபவர் அறை அறையாக நடந்து, துணியைப் பிரித்து, நெசவைத் தடவிப் பார்த்து, விலை பேசியாக வேண்டும். மழைக்கு ஒதுங்கவும் வெளிச்சத்தில் துணியை விரித்துக் காட்டவும் தாழ்வாரம் தேவைப்பட்டது என்று அதன் அமைப்பைப் பார்க்கும்போதே புரிகிறது.

ஆனால் இது கட்டப்பட்ட காலத்திலேயே இயந்திரங்கள் வரத் தொடங்கிவிட்டன. பெரிய ஆலைக்காரர்கள் வணிகர்களோடு நேரடியாகப் பேசி விற்கத் தொடங்கியதும் அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1868இல் கட்டடம் நகராட்சியின் கைக்குப் போய், 1871 முதல் நூறாண்டுக் காலம் காய்கனி மொத்தச் சந்தையாக இயங்கியது. முற்றத்தில் கொட்டகைகள் முளைத்து அதன் அழகைக் கெடுத்தன. ஆயினும் ஏதோ ஒரு பயன் இருந்ததால்தான் அது இடிபடாமல் பிழைத்தது என்பது என் எண்ணம். 1976இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டு, பின்னர் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 1 அன்று மறுபடி திறக்கப்பட்டது. இப்போது அந்த அறைகளில் சிறு கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. முற்றத்தில் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.