‘மதிப்பீடு தயாரித்தாயிற்று’ என்றால் வேலை எந்த இடத்தில் நிற்கிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் உள் ஒழுங்கையில் இருக்கிறோம். 400 மீற்றர் வரும். ஒருகாலம் தார் போட்டது. இப்போது மழை பெய்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகிறார்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எங்கள் ஒழுங்கையின் பெயரைச் சொல்லியே கேட்டார். பதில் சொன்ன அதிகாரி, “மதிப்பீடு தயாரித்தாயிற்று, நிதி கிடைத்ததும் வேலை தொடங்கும்” என்றார். ஏழு மாதம் ஆகிறது, ஒரு கடகம் கல்லும் வரவில்லை. அந்தப் பதிலை நம்பலாமா? இனி யாரைப் பிடிப்பது?

பதில்: அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. நீங்கள்தான் அவர் சொன்னதற்கு மேலால் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

வீதி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்படியான கூட்டங்களில் பொறியியலாளருக்குப் பின்வரிசையில் கோப்புக் கட்டோடு இருந்து, துண்டு எழுதி முன்னுக்குக் கொடுத்த ஆட்களில் ஒருவன். முதல்நாள் பின்னேரம் தொலைபேசி வரும்: “நாளைக்கு இந்த வீதியைப் பற்றிக் கேட்பினமாம், விபரம் எடுத்து வையும்.” உடனே நாடாவும் இரண்டு தொழிலாளரும் மோட்டார் சைக்கிளுமாக வெளிக்கிட்டால், ஒரு காலைப்பொழுதில் நீளம், அகலம், குழி, மதகு எல்லாம் அளந்து முடித்துவிடலாம். பொழுதுபடுவதற்குள் மதிப்பீடு, அதாவது வேலைக்கு எவ்வளவு முடியும் என்ற செலவுக் கணக்கு, தயார். அதற்குச் செலவு பெற்றோலும் நாலு தாளும். ஒரே ஒழுங்கைக்கு மூன்று வருடத்தில் மூன்று மதிப்பீடு போட்டுக் கொடுத்தவன் நான். வருடம் மாறினால் விலை மாறும், ஆகவே திரும்பவும் போடவேண்டும். அந்த ஒழுங்கைக்குக் கல், மண் பறிக்கும் ரிப்பர் லொறி ஒன்றும் போகவில்லை. ஆனால் மூன்று கூட்டத்திலும் “மதிப்பீடு தயாரித்தாயிற்று” என்ற பதில் உண்மைதான்.

உங்கள் ஒழுங்கையையே எடுத்துப் பார்ப்போம். 400 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பில் கிரவல் போட்டு றோலர் விடுவதானால் இறுகிய கணக்கில் 180 கன மீற்றர். கொட்டும்போது கிரவல் பொலபொலவென்று இருக்கும், முப்பது வீதம் கூட்டிப் பிடிக்கவேண்டும். 234 கன மீற்றர். எங்கள் ஆட்கள் பேசும் கியூப் கணக்கில் (ஒரு கியூப் என்றால் நூறு கன அடி) ஏறத்தாழ 83. மூன்று கியூப் ரிப்பரில் 28 லோட். இது அடித்தளம் மட்டும். அதற்கு மேல் கல்லும் தாரும் வேறு. அதோடு குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல் பாறை. கிரவலும் கருங்கல்லும் பெருநிலப் பரப்பிலிருந்து வரவேண்டும். ஏற்றுக்கூலியே மதிப்பீட்டை ஊதவைத்துவிடும். “ஒரு சின்ன ஒழுங்கைதானே” என்று கேட்கும் உறுப்பினருக்கும், தலையைச் சொறியும் அதிகாரிக்கும் இடையில் கிடப்பது இந்தக் கணக்குத்தான்.

சரி, இனி யாரைப் பிடிப்பது? அதற்கு முன், வீதி யாருடையது என்பது தெரியவேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கண்டி வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, காங்கேசன்துறை வீதி எல்லாம் அந்தக் கணக்கு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுக்கு. யாழ். மாவட்டத்தில் அப்படி 17 சபைகள் இருக்கின்றன. கூட்டத்தில் “அது எங்களுடைய வீதி அல்ல” என்று ஓர் அதிகாரி சொன்னால் பலர் ஆத்திரப்படுவார்கள். எனக்கு அது நல்ல பதிலாகத்தான் படும். ஒரு வாசல் சாத்தப்பட்டது என்றாவது தெரிகிறதே. உடனே “அப்படியானால் யாருடையது?” என்று கேட்டு, அதையும் கூட்டக் குறிப்பில் ஏற்றவைக்க வேண்டும். அதைக் கேட்காமல் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள், அங்கேதான் பிழை.

ஒழுங்கைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய காணி உறுதிகளில் ‘கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்’ என்று எழுதியிருப்பார்கள். உங்கள் ஒழுங்கை அப்படி நாலு காணிக்காரர் தங்களுக்குள் விட்ட பாதையாக இருந்து, சபையின் வீதியாகப் பொறுப்பேற்று வர்த்தமானியில் போடாமல் விடப்பட்டிருந்தால், சபை அதில் காசு செலவழிக்கப் பின்னிற்கும். கணக்காய்வு கேட்கும் என்ற பயம் நியாயமானது. ஒருகாலம் தார் போட்டது என்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. ஆனாலும் சபைக்கு நேரில் போய், வீதிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மதிப்பீடு, நிதி என்று அலைவதெல்லாம் வீண். இருபக்கக் காணிக்காரரும் கையெழுத்து வைத்து ஒழுங்கையைச் சபைக்குக் கொடுக்கும் வேலையிலிருந்து தொடங்கவேண்டும்.

அப்புறம், ஒரு பிரதேச சபை ஒழுங்கைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் மாவட்டக் கூட்டத்தில் ஏன் குரல் கொடுக்கவேண்டி வந்தது? 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே வரை உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்தன. கேள்வி கேட்க வேறு ஆளில்லை. அந்தப் பழக்கத்தில் சனம் இன்னமும் பெரிய ஆட்களிடமே ஓடுகிறது. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு உங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார். சபை ஒழுங்கை என்றால் அவர்தான் உங்கள் ஆள். சபையின் அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தை அவர்தான் கை உயர்த்தி நிறைவேற்றுகிறார். அது மார்கழிக்கு முன்னர் வரும். ஆகவே உங்கள் கடிதம் ஆவணி, புரட்டாதிக்குள் சபையில் பதிவாக வேண்டும். கார்த்திகையில் வெள்ளம் நிற்கும்போது எடுத்த படத்தோடு போவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த நேரம் பட்டியல் முடிந்திருக்கும்.

பெரிய ஒதுக்கீட்டுச் செய்திகளைக் கண்டு மயங்கவேண்டாம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் என்று 5,000 மில்லியன் ரூபா சொன்னபோது, என் வீட்டுப் படலையில் வந்து “அண்ணை, எங்கட ஒழுங்கையும் வருமோ?” என்று கேட்டவர்கள் நாலைந்து பேர். காசு பட்டியலில் உள்ள வீதிக்குத்தான் போகும். பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்குள் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு வேலை இருக்கிறது. “எப்போது தொடங்கும்?” என்று அவர் கேட்டால் “நிதி கிடைத்ததும்” என்ற பதில் தானாகவே வரும். அடுத்த கூட்டத்துக்கு முன்னர் அவரிடம் இப்படி எழுதிக் கொடுங்கள்: “இந்த வீதி எந்த நிதிமூலத்தின் கீழ், எந்த ஆண்டுத் திட்டத்தில், எத்தனையாம் இலக்கத்தில் இருக்கிறது? ஒப்பந்தகாரரிடம் விலை கேட்கும் கேள்வி அறிவித்தல் (ரெண்டர்) போட்டாயிற்றா? போட்டிருந்தால் திகதி என்ன?” இதற்கு ‘ஆவன செய்யப்படும்’ என்று வழுக்க முடியாது. இலக்கம் இருக்கும், அல்லது இருக்காது. பின்வரிசையில் இருந்த காலத்தில் எங்களை வியர்க்கவைத்தவை இந்தமாதிரிக் கேள்விகள்தான். மேசையில் அடித்துப் பேசியவர்களை நாங்கள் தேத்தண்ணி நேரத்திலேயே மறந்துவிடுவோம்.

கூட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்விகளைச் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். மதிப்பீட்டின் பிரதியையும் கேளுங்கள்.

அது கைக்கு வந்ததும் மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னர் ஒரு வரியைத் தேடுங்கள்: வெள்ளவாய்க்கால். நான் கண்டவரை, எங்கள் ஒழுங்கைகளைக் கெடுப்பதில் வாகனத்தைவிடத் தேங்கும் தண்ணீருக்கே பங்கு கூட. இரண்டு பக்கமும் மதில் கட்டி, வீட்டு முற்றத்தை உயர்த்தி, ஒழுங்கையை வாய்க்காலாக்கிவிட்டோம். தண்ணீர் நாட்கணக்கில் நின்று அடித்தளம் இளகிவிட்டால் மேலே போட்ட தார் அப்பளம் மாதிரி நொருங்கும். குழிக்குள் வெள்ளையாகத் தெரிகிறதே, அது அடியில் போட்ட சுண்ணக்கல். வாய்க்கால் இல்லாத மதிப்பீடு என்றால், தடிப்பைக் குறைத்தாவது வாய்க்காலைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு உங்கள் அயலவர் சிலர் மதிலை ஒரு அடி உள்ளே தள்ளவேண்டி வரலாம். நாடாளுமன்ற உறுப்பினரை வைத்துப் பேசுவதைவிட அந்தப் பேச்சு கடினம். அதை இப்போதே தொடங்குங்கள்.

வருடக் கடைசியில், ஒதுக்கிய காசு திரும்பிவிடும் என்ற அவசரத்தில் கொட்டும் மழைக்குள் ஒப்பந்தகாரர் வந்து இறங்கவும் கூடும். அப்படி வந்தால் சண்டை பிடிக்கவேண்டாம். ஈரம் கூடினால் கிரவல் இறுகாது என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்த பிறகும் வழக்கமாக ஒரு வருடத்துக்கு ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். அதற்குள் குழி விழுந்தால் திருத்தித் தரவேண்டியது அவருடைய பொறுப்பு. முடிவுத் திகதியை மறக்காமல் குறித்து வையுங்கள்.