பெரிய தோட்டத்தில் ராட்சத செகோயாவின் குட்டை ரகத்தைக் கவலையில்லாமல் வளர்க்கலாமா?

தெற்கு இங்கிலாந்தில் முக்கால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது, ராட்சத செகோயா மீது நெடுநாள் ஆசை, ஆனால் மரம் வளர்ந்து வீட்டையே மறைத்துவிடுமோ என்ற பயம். குட்டை ரகத்தை நட்டுவிட்டால் கவலையில்லாமல் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெரிஃபோர்ட்ஷயரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு குட்டைச் செகோயாவைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருவதால் எழுதுகிறேன்.

வளர்க்கலாம். வளர்க்கவும் வேண்டும் என்பேன். கவலையில்லாமல் இருக்கலாமா என்பதற்கு மட்டும் என் பதில் வேறு. நர்சரியில் தொங்கும் அட்டையில் 'குட்டை' என்று போட்டிருந்தால், செடி எவ்வளவு மெதுவாக வளரும் என்பதைத்தான் அது சொல்கிறது. எந்த உயரத்தில் நின்றுவிடும் என்று அது உறுதி தரவில்லை. அமெரிக்கன் கோனிஃபர் சொசைட்டி என்ற ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்பாடும் வளர்ச்சி வேகத்தை வைத்தே அமைந்திருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வளர்ந்தால் குட்டை, 15 முதல் 30 வரை இடைநிலை, அதற்கு மேல் பெரிது. குட்டை என்ற பிரிவில் வரும் செடி பத்து வயதில் அதிகபட்சம் ஆறடி இருக்கும். பதினோராவது ஆண்டிலும் அது வளரும், நாற்பதாவது ஆண்டிலும் வளரும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய இனத்தில் பிறந்த செடிக்குப் பத்து ஆண்டு ஒரு பொருட்டே அல்ல.

எதைக் குட்டையாக்கிக் கேட்கிறோம் என்பதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில், பெரும்பாலும் 1,400 முதல் 2,150 மீட்டர் உயரத்துக்குள், சிதறிக் கிடக்கும் சில தோப்புகளில் மட்டுமே இந்த மரம் இயற்கையாக இருக்கிறது. அங்குள்ள 'ஜெனரல் ஷெர்மன்' ஏறத்தாழ 84 மீட்டர் உயரம்; அடிமரத்தின் கன அளவை வைத்துப் பார்த்தால் இன்று உயிரோடு இருக்கும் மரங்களில் அதைவிடப் பெரியது இல்லை. பிரிட்டனுக்கு 1853இல் விதை வந்தது. ஸ்காட்லாந்தின் பென்மோர் தாவரவியல் பூங்காவில் 1863இல் சாலையின் இருபுறமும் நட்ட மரங்கள் இப்போது 50 மீட்டரைத் தாண்டி நிற்கின்றன. இந்த நாட்டின் ஈரமும் மிதமான கோடையும் அதற்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு வரப்போவது அந்த உயிரின் ஒரு மாறுபாடுதான். மாறுபாடு எப்போதும் நிலையாக இருப்பதில்லை.

ரகங்களைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் தேட வேண்டியது 'பிக்மேயம்'. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட ரகம். அடியிலிருந்தே கிளைத்து, அடர்ந்த கூம்பு வடிவப் புதராக வளரும். எங்களிடம் இருப்பதும் இதுதான். 'பெண்டுலம்' என்பது 1863 வாக்கில் பிரான்சின் நாந்த் நகரில் தோன்றிய தொங்குகிளை ரகம். அதன் கிளைகள் தண்டோடு ஒட்டித் தொங்கும். தலைத்தண்டு எந்தப் பக்கம் வளையும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அகலத்தில் சிக்கனமானதுதான், ஆனால் உயரத்தில் இரண்டு மாடியை எளிதில் தாண்டும். தனியாக நின்றால் கண்ணைப் பறிக்கும் என்பதில் சந்தேகமில்லை. குட்டை என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். நீலச்சாயல் கொண்ட 'குளாக்கம்', 'ஹேசல் ஸ்மித்' இரண்டும் அழகானவை, ஆனால் குட்டையே அல்ல. தொட்டியில் சிறிதாக, நீலமாக இருப்பதைப் பார்த்துப் பலர் குட்டை ரகம் என்று எடுத்துவந்துவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'குட்டை ரெட்வுட்' என்ற பெயரில் விற்கப்படுவது பல நேரங்களில் ராட்சத செகோயாவின் உறவு மரமான கடலோர ரெட்வுட்டின் 'அட்பிரெஸ்ஸா' ரகமாக இருக்கும். அதன் இளந்தளிரின் நுனி பால்வெள்ளையாக இருக்கும். சாதாரணக் கடலோர ரெட்வுட்டின் இலை தட்டையாக, இரு வரிசையாகச் சீப்புப்போல் அமைந்திருக்கும். ராட்சத செகோயாவின் இலை குத்தூசிபோல் கூராக, தண்டைச் சுற்றிச் செதில் செதிலாக ஒட்டியிருக்கும். தடவினால் சொரசொரப்பு தெரியும். வாங்கும் முன் தாவரவியல் பெயரைக் கேளுங்கள்: செகோயாடென்ட்ரான் என்று தொடங்க வேண்டும். பிரிட்டனில் பழைய நர்சரிக்காரர்கள் வெலிங்டோனியா என்றும் சொல்வார்கள், அதுவும் இதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். 'பிக்மேயம்' தன் பழைய குணத்துக்குத் திரும்பும். புதரின் நடுவிலிருந்து ஒரு தளிர் திடீரென்று நிமிர்ந்து, மற்றவற்றைவிடத் தடித்து, கணுக்கள் தள்ளித் தள்ளி அமைந்து, நேராக மேலே போகும். பார்க்க ஆரோக்கியமாக, கம்பீரமாக இருக்கும், விட்டுவைக்கத் தோன்றும். விட்டால் சில ஆண்டுகளில் சத்தையெல்லாம் அந்தத் தளிரே இழுத்துக்கொள்ளும், சுற்றியுள்ள புதர் அதன் காலடியில் பாவாடைபோல் தங்கிவிடும், மேலே ஒரு முழு ராட்சத செகோயா கிளம்பிவிடும். ஆகவே கோடையின் தொடக்கத்தில் ஒருமுறையும் இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் செடியைச் சுற்றிவந்து, அடர்த்தியைக் கையால் விலக்கி உள்ளே பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட தளிர் தெரிந்தால் பாதியில் கிள்ளாமல், அது கிளம்பும் இடத்திலேயே கூரான கத்தரியால் வெட்டிவிடுங்கள். பாதியில் வெட்டினால் அதே வேகத்தோடு பக்கக் கிளைகள் வரும்.

ஒட்டுக்கன்றாக இருந்தால் இன்னொரு கண்காணிப்பும் தேவை. ஒட்டு முடிச்சுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் தளிர், அதாவது சாதாரண செகோயா. அதைக் கண்டதும் எடுத்துவிட வேண்டும். முடிந்தால் ஒட்டு இல்லாத, வெட்டி நட்ட கிளைத்துண்டிலிருந்து வேர்விட்ட கன்றாகவே கேளுங்கள். நான் அதைத்தான் விரும்புவேன்.

இந்தக் கவாத்து முழுவதும் இளம் தளிர்களோடு முடிய வேண்டும். புதர் பெரிதாகிவிட்டதே என்று ஒருநாள் தழையே இல்லாத முதிர்ந்த கட்டை வரை வெட்டிவிட்டு, மறுபடி துளிர்க்கும் என்று காத்திருக்கக் கூடாது. கடலோர ரெட்வுட் அடிக்கட்டையிலிருந்தும் துளிர்க்கும். ராட்சத செகோயாவை, அதுவும் வயதான பிறகு, அப்படி நம்ப முடியாது.

இடம் தேர்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் நீங்கள் அதைப் பாறைத் தோட்டத்தின் மூலையில் செருகத் தேவையில்லை. எல்லாப் பக்கமும் வெயில் படும் திறந்த வெளியில், மற்ற மரங்களிலிருந்தும் வேலியிலிருந்தும் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நடுங்கள். ஒரு பக்கம் நிழல் விழுந்தால் அந்தப் பக்கத் தழை காய்ந்து வழுக்கையாகும், திரும்ப மூடாது. வீட்டுச் சுவரிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். களிமண் நிலமானால் இன்னும் அதிகம். இந்த மரத்தின் வேர் ஆழமாக இறங்குவதைவிட அகலமாகப் பரவும். கோடையில் வேர்கள் நீரை உறிஞ்சக் களிமண் சுருங்கினால் அடித்தளம் பாதிக்கப்படக்கூடும். உங்களுக்குப் பின் வீட்டுக்கு வருபவர் தளிர்களை வெட்டாமல் விடக்கூடும் என்பதையும் சேர்த்தே இந்தத் தூரத்தைச் சொல்கிறேன்.

மண் ஆழமாக, ஈரம் தங்குவதாக, ஆனால் நீர் தேங்காததாக இருக்க வேண்டும். சற்று அமிலத்தன்மை இருந்தால் நல்லது, நடுநிலை மண்ணிலும் குறையில்லை. குளிர்காலத்தில் நீர் தேங்கி நிற்கும் இடமென்றால் மேட்டில் நடுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். பெரிய தொட்டிச் செடியைக் காசு கொடுத்து வாங்குவதைவிட, வேர் சுருண்டுகொள்ளாத சிறு கன்று பல மடங்கு மேல். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் தொட்டியின் ஆழத்துக்கு மேல் வேண்டாம். சுற்றிலும் ஒரு மீட்டருக்குப் புல் இல்லாமல் சுத்தம் செய்து, மரப்பட்டைத் துண்டுகளால் மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. புல்வெட்டும் இயந்திரம் இளந்தண்டில் பட்டுக் கன்று நாசமாவதையும் இந்த வட்டம் தடுக்கும். முயலும் மானும் வரும் தோட்டமென்றால் முதல் சில ஆண்டுகளுக்குக் கம்பிவலை அவசியம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். சியரா நெவாடாவில் கோடை வறண்டதுதான், ஆனால் அங்கே பனி உருகி மண்ணுக்குள் இறங்கிய ஈரம் அந்த மரங்களைத் தாங்குகிறது. உங்கள் தோட்டத்தில் அப்படியொரு சேமிப்பு இல்லை. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் வெப்பம் 40.3 டிகிரியைத் தொட்டது நினைவிருக்கும். அந்தக் கோடையில் எங்கள் செடி தாக்குப்பிடித்ததற்கு, வாரம் ஒருமுறை வேர்ப்பகுதி முழுவதும் ஊறும்படி மெதுவாக விட்ட தண்ணீரும் மூடாக்கும்தான் காரணம் என்று நம்புகிறேன். நட்ட முதல் மூன்று நான்கு கோடைகளுக்கு இதைத் தவறாமல் செய்யுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதில் பயனில்லை.

தழை பழுப்பானதும் பலர் பதறிப்போகிறார்கள். இலையுதிர் காலத்தில் உட்புறத்துப் பழைய சிறு கிளைகள் காய்ந்து உதிர்வது இயல்பு. குளிர்காற்றில் இளஞ்செடி செம்பழுப்பாவதும் இயல்பு, வசந்தத்தில் பச்சை திரும்பிவிடும். கோடையின் நடுவில், வெளிப்புறக் கிளை ஒன்று மட்டும் நுனியிலிருந்து செந்நிறமாகக் காய்ந்து, தண்டில் பிசின் கசிந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். நல்ல தழை தெரியும் வரை வெட்டி எடுத்து எரித்துவிட்டு, கத்தரியைச் சுத்தம் செய்யுங்கள். வறட்சியில் வாடிய செடியைத்தான் இந்த நோய் அதிகம் பிடிக்கிறது. தேன் காளான் என்ற வேரழுகல் பூஞ்சை தாக்கிய பழைய கட்டை இருந்த இடத்தில் மட்டும் நடவே வேண்டாம்.

இவ்வளவு பெரிய தோட்டத்தில் குட்டை ரகம் எதற்கு, அசல் மரத்தையே வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் தெளிவான கருத்து உண்டு. காட்டில் முதிர்ந்த மரத்தின் முதல் கிளையே பல மாடி உயரத்தில் இருக்கும். அண்ணாந்து பார்ப்பதோடு சரி. குட்டைச் செடியில் எல்லாமே கைக்கும் கண்ணுக்கும் எட்டும். மழைக்குப் பிறகு நீலப்பச்சைத் தழையைக் கசக்கினால் சோம்பு வாசனை வரும். குருவிகள் அந்த அடர்த்திக்குள் பதுங்குகின்றன. இந்த இனத்தோடு அன்றாடம் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதை நட்டதால் செகோயாவைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். 2020இல் சியராவில் எரிந்த 'காசில்' என்ற காட்டுத்தீயில் மட்டும், உலகிலிருந்த பெரிய செகோயாக்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு வரை அழிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். படித்தபோது வயிறு எரிந்தது. குட்டை ரகம் ஒரே செடியின் நகல். மரபு வளத்துக்கு அது எதையும் சேர்ப்பதில்லை. அந்த அக்கறை உங்களுக்கும் இருந்தால், தோட்டத்தின் கடைசி எல்லையில், எந்தக் கட்டடத்திலிருந்தும் முப்பது மீட்டர் தள்ளி, விதையிலிருந்து வளர்ந்த கன்று ஒன்றையும் நடுங்கள். முக்கால் ஏக்கரில் ஒன்றே ஒன்றுக்கு இடம் இருக்கும். அண்டை வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட வட்டாரத்துக்குள் (கன்சர்வேஷன் ஏரியா) இருக்கிறதா என்று உள்ளாட்சி மன்றத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டு 75 மில்லிமீட்டர் விட்டத்தைத் தாண்டிய எந்த மரத்தையும் வெட்டவோ கவாத்து செய்யவோ ஆறு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும். தளிர்கள் பென்சில் பருமனில் இருக்கும்போதே எடுத்துவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அக்டோபர் முதல் மார்ச் வரை, மண் உறையாத எந்த நாளிலும் நடலாம். நல்ல நர்சரிகளில் 'பிக்மேயம்' கொஞ்சமாகத்தான் வரும், ஆகவே கோடை முடிவதற்குள் சொல்லிவைத்துவிடுங்கள்.