ஃப்ளஷ் வராமல் போனால் ரிவரில் என்ன செய்வது?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு பணம் வைக்காமல், சிப்ஸுக்கு மட்டும் டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் ஆடுவோம். ஒரே ஜாதியில் நாலு சீட்டு சேர்ந்து, ஐந்தாவது வராமல் ஃப்ளஷ் அமையாதபோதெல்லாம் ரிவரில் (தரையில் விழும் கடைசிச் சீட்டில்) நல்ல சீட்டு இருப்பதுபோல் பெரிதாக வைத்து ப்ளஃப் அடிக்கிறேன். யாராவது அதே அளவு வைத்து கால் செய்துவிடுகிறார்கள். "பணம் வைத்து ஆடினால்தான் ப்ளஃப் எடுபடும், என் ஆப் கிளப்பில் ஐடி போட்டுத் தருகிறேன்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். முதலில் சீட்டைப் பார்ப்போம்.

ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் முதல் மூன்று சீட்டு விரிந்ததும், கையில் உள்ள இரண்டோடு சேர்த்து உங்களுக்கு நாலு ஆட்டின் சேர்ந்திருந்தால், ரிவருக்குள் ஐந்தாவது வர சுமார் 35 சதவீதம்தான் வாய்ப்பு. மூன்றில் இரண்டு தடவை வராது, அது சாதாரணம். நாலாவது சீட்டான டர்னிலும் வராவிட்டால் ஐந்தில் ஒரு வாய்ப்புதான் மிச்சம். அப்போது எதிராளி பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் மொத்த சிப்ஸ்) அளவுக்கு பெட் வைத்தால் பெரும்பாலும் சீட்டைப் போட்டுவிட்டு ஃபோல்ட் செய்வதே சரி. பெட் வைக்க நல்ல நேரம் ஃப்ளாப். அவர் ஃபோல்ட் செய்தாலும் லாபம், கால் செய்தாலும் இன்னும் இரண்டு சீட்டு பாக்கி.

ரிவரில் கணக்கு வேறு. பாட்டில் 1000 இருக்கும்போது 500 வைத்தால், எதிராளி மூன்றில் ஒரு தடவைக்கு மேல் ஃபோல்ட் செய்தால்தான் ப்ளஃப் லாபம். 1000 வைத்தால் இரண்டில் ஒரு தடவைக்கு மேல். பணமே இல்லாத மேசையில் "என்னதான் வெச்சிருக்கான், பார்ப்போமே" என்று கால் செய்பவர்கள் அந்த அளவுக்கு ஃபோல்ட் செய்ய மாட்டார்கள். அதோடு, உங்கள் கையில் இரண்டு ஆட்டின் இருப்பதால், எதிராளியும் ஆட்டினுக்குக் காத்திருந்து ஏமாந்திருக்கும் வாய்ப்பு குறைகிறது. ஃபோல்ட் செய்யக்கூடியவர் அந்த ஆள்தானே? அதனால் எதுவும் வைக்காமல் செக் செய்துவிட்டு அடுத்த கைக்குப் போங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இதை நிதானமாகப் படியுங்கள். கையில் ஆட்டின் ஏஸும் இஸ்பேட் ராஜாவும். ஃப்ளாப்பில் ஆட்டின் ஜாக்கி, டைமன் 10, ஆட்டின் 4. ராணி வந்தால் ஸ்ட்ரெயிட், அதாவது வரிசையாக ஐந்து சீட்டு. டர்னில் கிளாவர் 2, ரிவரில் ஆட்டின் 7. ராணி வரவில்லை, ஆனால் தரையில் மூன்று ஆட்டின். ஆட்டின் ஏஸ் உங்களிடம் இருப்பதால் எதிராளியிடம் உச்ச ஃப்ளஷ் இருக்கவே முடியாது. ஜோடி வைத்திருப்பவர் பயப்படுவார். இங்கே பெரிதாக வைக்கலாம். ஆனால் எதிரே ஒருவர் மட்டும் இருக்க வேண்டும். ஃப்ளாப்பிலும் டர்னிலும் ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர் போலவே நீங்கள் ஆடியிருக்க வேண்டும். அவர் தன் சிப்ஸில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போட்டிருக்கக் கூடாது, போட்டுவிட்டவர் நகரமாட்டார். இதில் ஒன்று குறைந்தாலும் செக்.

இனி அந்தத் தெரிந்தவர். இதுதான் எனக்குப் பெரிய கவலை. இந்த ஆப் கிளப்களில் சிப்ஸ் விற்பதும் ஜெயித்ததைத் திருப்பித் தருவதும் ஏஜென்ட். யூபிஐயில் அவர் சொல்லும் ஏதோ ஒரு பெயருக்குப் பணம் போகும். மேசையில் மூன்று பேர் தங்களுக்குள் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடினாலும் உங்களுக்குத் தெரியாது. முதலில் சின்னத் தொகையை உடனே தருவார், பெரிதாக ஜெயித்தால் ஐடி முடங்கும். கேட்கப் போனால் கேட்க இடமில்லை.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆன்லைனில் ஆட வைப்பதே குற்றம் என்றது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். கற்றுக்கொண்டு ஆடுபவரையும் கடன் வாங்கி ஆடுபவரையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. அடையாளம் சரிபார்த்து, வரி பிடித்து நடத்திய தளங்கள் நின்றன. வாட்ஸ்ஆப் ஏஜென்ட்கள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஏற்கெனவே அவருக்குப் பணம் அனுப்பி, அது திரும்பாவிட்டால், யூபிஐ ரசீதையும் அரட்டையையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். "நாளைக்குத் தர்றேன்" என்று அவர் சொன்னால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பணம் வேறு கணக்குக்குப் போய்விட்டால் முடக்குவது கடினம்.