ஆற்காடு முற்றுகையை மேசையில் நிறுத்த என்ன செலவாகும்?

கேள்வி: மேசைப் போர் விளையாட்டுக்கு நான் புதியவன். 1751 ஆற்காடு முற்றுகையின் இரு தரப்புப் படைகளையும் வாங்கி, நானே வண்ணம் தீட்ட ஆசைப்படுகிறேன். 28 மி.மீ. உயரமுள்ள வீரர் உருவங்கள்தாம் அழகு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?
– காட்பாடி வாசகர்

பதில்: அழகுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் பணத்தை எடுக்கும் முன் தலைகளை எண்ணுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து ஆற்காட்டுக்குக் கொண்டுவந்தது சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று பீரங்கிகள். பத்துப் பேருக்கு ஓர் உருவம் என்று வைத்தால் 50 உருவங்களில் அவருடைய ஆட்கள் முடிந்துவிடுவார்கள். கோட்டையை வெளியே நின்று முற்றுகையிட்டவர், கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ரசா சாகிப். அவர் படையைச் சுமார் 10,000 பேர் என்று எழுதுவார்கள். அதே கணக்கில் 1,000 உருவங்கள்! 28 மி.மீ. அளவில் அது கைக்கும் கட்டாது, கண்ணுக்கும் கட்டாது, பர்ஸுக்கும் கட்டாது. பாதியில் நின்றுபோய், பரணில் ஏறும் பெட்டிகளில் இன்னொன்று சேரும்.

இந்த முற்றுகைக்கு 6 அல்லது 10 மி.மீ. வாங்குங்கள். 6 மி.மீ. வீரனின் தலை கடுகளவுதான். அதில் பொத்தான் வரைய வேண்டியதில்லை, கண் வைக்க வேண்டியதில்லை. அங்கி, முகம், தலைப்பாகை, துப்பாக்கி நான்கையும் தொட்டுவிட்டு, மேலே நீர்த்த பழுப்பு வண்ணக் கரைசல் (வாஷ்) ஒன்றை ஓடவிட்டால் மடிப்புகளில் தானாகவே நிழல் விழும். ஒரே எச்சரிக்கை: அசல் சீருடையின் அடர்சிவப்பை அப்படியே பூசாதீர்கள். அவ்வளவு சிறிய பரப்பில் வண்ணம் கறுத்துத் தெரியும். ஒரு படி வெளிறிய சிவப்பைப் பூசினால்தான் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது சிவப்பாகத் தெரியும்.

28 மி.மீ. மோகம் விடவில்லையென்றால், அதை 1806 ஜூலை 10-க்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து வேலூர்க் கோட்டைக்குள் நடந்த சண்டை. களம் சிறியது, இங்கே ஓர் ஆளுக்கு ஓர் உருவம் என்றே நிறுத்தி, ஒரு வாசல் அல்லது ஒரு மதிற்பகுதியை மட்டும் ஆடலாம். தோல் பட்டை வைத்த அந்தப் புதிய வட்டத் தலையணியைச் சிப்பாய்கள் ஏற்க மறுத்ததுதானே நெருப்புக்கு முதல் பொறி? அது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் உருவம் பெரியதாகத்தான் இருக்க வேண்டும். கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி கொண்டுவந்த குதிரைப்படைக்குக் கையளவு உருவங்கள் போதும்.

இன்னொன்று: ஒரு நிறுவனத்தின் 28 மி.மீ. மற்றொன்றின் 28 மி.மீ. ஆகாது. சிலர் பாதத்திலிருந்து கண்வரை அளப்பார்கள், சிலர் உச்சந்தலைவரை. மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டலம் மட்டும் வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் உலோக உருவங்கள் வாங்கினேன். படத்தில் முகம், பட்டைகள் எல்லாம் கூர்மையாக இருந்தன. வந்தவற்றில் மூக்கே இல்லை, ஓரமெல்லாம் பிசிறு. 'பிரித்த பொட்டலத்தைத் திரும்பப் பெறுவதில்லை' என்கிறார். என்ன செய்வது?
– ஆம்பூர் வாசகர்

பதில்: ஓரத்துப் பிசிறு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வார்ப்பில் அது வரத்தான் செய்யும், கத்தியால் சீவிவிடலாம். மூக்கு மழுங்கியிருப்பது வேறு விஷயம். அசல் உருவத்திலிருந்தே அச்சு எடுத்து மறுபடி வார்த்த நகல் இப்படித்தான் இருக்கும். அளவும் சற்றுச் சுருங்கியிருக்கும். அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். விளம்பரப் படத்தையும் உரையாடலையும் சேமித்துவையுங்கள், நாளைக்கே அவர் அழித்துவிடலாம்.

'திரும்பப் பெறுவதில்லை' என்று அவர் எழுதிவைத்தால் அது சட்டமாகிவிடாது. குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. விற்பனைத் தளத்தின் வழியாக வாங்கியிருந்தால், அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்காக ஆறப்போடாதீர்கள்.

கேள்வி: இங்கிலாந்திலிருந்து உருவங்கள் வரவழைத்தால் சுங்க வரி வருமா? 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பச் சொல்லலாமா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: வரும். பொருளின் விலை மட்டுமல்ல, தபால் கூலியையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். உலோகம் கனம், ஆகவே கூலியும் கூடும், பிளாஸ்டிக் தேவலை. அன்பளிப்புத் தந்திரம் செல்லாது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, தபாலில் அன்பளிப்பாக இறக்குமதி செய்வதை 2019 டிசம்பரிலேயே தடைசெய்துவிட்டார்கள்.

கேள்வி: நல்ல பிரஷ் எது? உள்ளூர் அக்ரிலிக் வண்ணம் போதுமா?
– சத்துவாச்சாரி வாசகி

பதில்: முதலில் எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். யாராவது 'கீரி முடி பிரஷ், நுனி நிற்கும்' என்று மறைவிலிருந்து எடுத்துக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். கீரி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. அதன் முடியில் செய்த பிரஷை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நல்ல செயற்கை இழை பிரஷ் போதும். மிக மெல்லிய 000 எண்ணுக்கு ஓடாதீர்கள். அது தாங்கும் துளி வண்ணம் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். நுனி கூர்மையான 1-ஆம் எண் எவ்வளவோ மேல். கடையிலேயே நீரில் நனைத்து உதறிப் பாருங்கள். நுனி ஒன்றுசேராமல் பிரிந்தால் வேண்டாம்.

கடையில் கிடைக்கும் கைவினை அக்ரிலிக் தொடக்கத்துக்குத் தாராளம். குப்பியிலிருந்து நேரே பூசினால் மட்டும் முகம் மறைந்துவிடும். பால் பதத்துக்கு நீர் கலந்து இரண்டு முறை பூசுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் தட்டில் வைத்த வண்ணம் கண்ணெதிரே இறுகும். மூடியுள்ள டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் பேக்கிங் தாள், அதன்மேல் வண்ணம்: செலவில்லாத ஈரத்தட்டு இது. வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் ஸ்பிரேயைக் கார் பெயின்ட் கடையில் வாங்கலாம். மழை நாளில் அடிக்காதீர்கள், வெள்ளை பூத்துவிடும்.

கேள்வி: பத்து வயது மகனும் என்னோடு தீட்ட விரும்புகிறான். பழைய உலோக உருவங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கித் தரலாமா?
– ஆரணி வாசகர்

பதில்: வேண்டாம். பழைய வார்ப்புகளில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். அரம் போட்டால் தூள் பறக்கும். அவனுக்கு 1/72 அளவு (நிஜ ஆளின் உயரத்தில் 72-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் வீரர்களை வாங்கிக்கொடுங்கள். அவை வளையும் பிளாஸ்டிக் என்பதால், சோப்புநீரில் கழுவிக் காயவைத்துப் பிரைமர் அடித்த பிறகே வண்ணம் பூச வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி முனையிலிருந்து வண்ணம் உரிந்து வரும்.