‘பேப்பர் இருக்கு’ என்று விற்ற பவளம்: வீட்டுத் தொட்டியில் வைத்திருக்கலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறான். வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான ஒருவர், ‘இந்தோனேசியா கோரல், சைட்டிஸ் பேப்பர் இருக்கு’ (அரிய உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் அனுமதித் தாளாம்) என்று சொல்லி டார்ச் என்ற பவளம் இரண்டு, பிரெய்ன் என்ற பவளம் ஒன்று, ஜோவா என்ற சிறு கடலுயிர்கள் ஒட்டிய கல் ஒன்று ஆகியவற்றைச் சென்னையிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் அனுப்பினார். மாட்டுத்தாவணியில் போய் வாங்கி வந்தோம். இதெல்லாம் சட்டவிரோதம் என்று இப்போது சொல்கிறார்கள். அவரிடம் கேட்டால், ‘பணம் அனுப்புங்க, பரிவேஷ் தளத்துல பதிஞ்சு தர்றேன்’ என்கிறார். அனுப்பலாமா? – ஒரு வாசகி, கே.கே. நகர், மதுரை.

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. பரிவேஷ் என்ற மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத் தளத்தில் செய்யும் அந்தப் பதிவு உங்களுக்கு உதவாது. வெளிநாட்டுக் கிளி, இக்வானா போன்றவற்றை வளர்ப்பவர்களுக்காக வந்தது அது. 2020-இல் மத்திய அரசு அறிவித்த தாமாக முன்வந்து தெரிவிக்கும் திட்டத்திலேயே, நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் உள்ள உயிர்களுக்கு இது பொருந்தாது என்று எழுதியிருந்தார்கள். சுண்ணாம்பு எலும்புக்கூடு உள்ள கல் பவளம் அந்த அட்டவணையில் இருக்கிறது.

2001-ஆம் ஆண்டிலிருந்தே கல் பவளங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் உள்ளன. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாப் பவளம் என்று தனியாகச் சொல்லவில்லை; அந்த வகை முழுவதையும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்தோனேசியாவிலிருந்து வந்தது என்பது தப்பிக்கும் வழி ஆகாது. மண்டபம் பக்கம் உடைத்த கல்லையே ‘இம்போர்ட்’ என்று சொல்லி உங்களிடம் விற்றாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 57-ஆவது பிரிவின்படி, பொருள் உங்கள் வசம் இருந்தாலே அது முறைகேடாக வந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

இனி அந்த ‘பேப்பர்’. அதன் ஜெராக்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறக்குமதி செய்பவர் என்ற இடத்தில் உங்கள் மகன் பெயரும் இருக்காது, விற்றவர் பெயரும் இருக்காது. எத்தனை துண்டு, எந்த இனம் என்று எழுதியிருக்கும். தொட்டியில் இருப்பதோடு அது ஒத்துப்போகாது. தேதியைப் பாருங்கள்: ஏற்றுமதி அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஒரே ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸைக் காட்டிப் பத்து வண்டி விற்பது மாதிரிதான் இந்த வியாபாரம். அசல் தாளே இருந்தாலும், அது அனுப்பிய நாடு கொடுத்த ஏற்றுமதி அனுமதி. இங்கே உங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ள யாரும் கொடுத்த அனுமதி அல்ல.

அடுத்து அந்த ஆள் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். ‘டார்ச் சாஃப்ட் கோரல்தாங்க, அதுக்குச் சட்டம் கிடையாது’ என்பார். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள்; கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். லெதர் போன்ற மென் பவளங்களும், சுண்ணாம்பு எலும்புக்கூடு இல்லாத மஷ்ரூம், ஜோவா போன்றவையும் முதல் அட்டவணையில் இல்லை, சரிதான். ஆனால் டார்ச் அந்த வகை அல்ல. அதன் விரல்கள் தண்ணீரில் மெதுவாக ஆடுவதைப் பார்த்து மென்மையானது என்று நினைக்கிறோம். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். சதை உள்ளே சுருங்கியதும், அடியில் வெள்ளையாக, விளிம்பில் மெல்லிய தகடு தகடாக நிற்கும் சுண்ணாம்புக் கிண்ணம் தெரியும். அது தெரிந்தால் கல் பவளம். ஹேமர் என்று விற்கும் பவளமும் அப்படித்தான். பிரெய்ன் பற்றிச் சந்தேகமே வேண்டாம். கடல் விசிறியும், சிவப்புக் குழல்களாக வளரும் ஆர்கன் பைப்பும் உறவுமுறையில் மென் பவளங்கள்தான். ஆனாலும் சட்டம் அவற்றைத் தனியே பெயர் சொல்லி முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அப்படியென்றால் உங்கள் ஜோவா மட்டும் தப்பிக்குமா? ஜோவா தப்பிக்கும், அது ஒட்டியிருக்கும் கல் தப்பிக்காது. ‘லைவ் ராக்’ என்று விற்கும் அந்தக் கல்லே பெரும்பாலும் பழைய பவளத்தின் எலும்புக்கூடுதான். பீங்கான் வில்லையில் ஒட்டி வளர்த்த ஜோவா என்றால் பேச்சு வேறு. அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் சுங்கமும் நோய்த்தடுப்பு அனுமதியும் முறையாக முடிந்திருக்க வேண்டும். இன்னொன்று: அந்தக் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று மகன் வெந்நீர் ஊற்றவோ பிரஷ் போட்டுத் தேய்க்கவோ கூடாது. ஜோவாவின் உறவினங்கள் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அதன் ஆவி பட்டே குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் அரசும் பொறுப்பு. சுங்கத்தில் கேட்டால் வனத்துறையைக் கை காட்டுகிறார்கள். வனத்துறை சுங்கத்தைக் காட்டுகிறது. எது கூடும், எது கூடாது என்று படத்தோடு தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு மீன் கடைகளில் ஒட்டினாலே பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைச் செய்ய மனமில்லாமல், கடைசியில் வாங்கிய மாணவனைப் பிடித்து நிறுத்துகிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? விற்றவரோடு பேசிய உரையாடல், பணம் அனுப்பிய விவரம், பார்சல் ரசீது, தெர்மாகோல் பெட்டி எதையும் அழிக்காதீர்கள். பவளத்தை நண்பர்களுக்குக் கொடுத்தால் அது இன்னொரு குற்றம். ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். வெளியிலிருந்து வந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியதைப் பார்த்த பிறகுமா? உங்கள் துண்டோடு என்ன நோய், என்ன புழு சேர்ந்து போகும் என்று யாருக்குத் தெரியும்?

வன உயிரின வழக்கு தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். இப்படிக் கைக்கு வந்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும் என்பது சட்டம், அது கடந்துவிட்டது. ஆனாலும் சோதனைக்கு ஆள் வரும் முன் நீங்களே தெரிவிப்பதற்கு மதிப்பு உண்டு. என்ன எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். நீங்களாக வாக்குமூலம் மாதிரி எழுதிக் கொடுக்காதீர்கள். மனுவை மாவட்ட வன அலுவலரிடம் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

‘ஆபீஸ்ல ஆள் இருக்கு, காம்பவுண்ட் பண்ணி அபராதத்தோட முடிச்சிடலாம்’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். குறைந்தபட்சச் சிறைத் தண்டனை உள்ள குற்றத்தை எந்த அதிகாரியும் அப்படிப் பணம் வாங்கி முடிக்க முடியாது என்று 54-ஆவது பிரிவு சொல்கிறது. அவரிடம் கொடுக்கும் பணத்துக்கு ரசீது வராது, வழக்கும் போகாது. வனத்துறை வந்து எடுத்துக்கொள்ளும்வரை தண்ணீரைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ கருவியையும் பம்பையும் நிறுத்தாமல் ஓட விடுங்கள். மதுரை வெயிலில் ஒரு பகல் மின்சாரம் போனாலே பவளம் வெளுத்துவிடும். பிறகு ஏன் செத்தது என்ற கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.